எந்தக் கோட்டிலிருந்து எண்ணினார்கள்? ஸ்போர்ட்ஸ் கார்களின் எண்களை நேரில் ஒப்பிட்ட அனுபவங்கள்

முதல் பகிர்வு

2020இல் வெளிவந்த போர்ஷே 911 டர்போ எஸ், டெஸ்லாவின் மின்சாரக் காரான மாடல் எஸ் பிளெய்ட் ஆகிய இரண்டு கார்களும் ஒரே நாளில் ஒரே கால் மைல் ஓடுதளத்தில் ஓடியதைத் தொடக்கக் கோட்டின் அருகே நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே வந்திருந்தவர்கள் காலையிலிருந்தே இரண்டு எண்களை வைத்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். 911 டர்போ எஸ் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 2.7 நொடியில் தொடும் என்பது போர்ஷே சொல்லும் கணக்கு. பிளெய்ட் மணிக்கு 60 மைல் வேகத்தை 1.99 நொடியில் தொடும் என்பது டெஸ்லா சொல்லும் கணக்கு. ஏறத்தாழ முக்கால் நொடி வித்தியாசம் என்றால், இந்த வகைக் கார்களில் அது மிகப் பெரிய இடைவெளி.

ஆனால் தொடக்கக் கோட்டில் கடிகாரம் எப்படி ஓடத் தொடங்குகிறது என்பதைக் கவனித்துப் பார்த்தால் அந்த இடைவெளி சுருங்கத் தொடங்கும். தரைக்குச் சற்று மேலே, தடத்தின் குறுக்கே ஓர் ஒளிக்கற்றை செல்கிறது. ஓட்டுநர் காரை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, முன்சக்கரத்தின் முன்விளிம்பு அந்தக் கற்றையை மறைத்ததும் நிறுத்துகிறார். பச்சை விளக்கு எரிந்தவுடன் கடிகாரம் ஓடுவதில்லை. சக்கரம் கற்றையை விட்டு முழுதாக விலகிய பிறகே ஓடுகிறது. அதற்குள் கார் ஏறத்தாழ ஓர் அடி தூரம் நகர்ந்துவிடும். அமெரிக்கக் கார் இதழ்கள் பல ஆண்டுகளாக இந்த முதல் அடியைக் கழித்துவிட்டே நேரத்தை வெளியிடுகின்றன. டெஸ்லாவின் 1.99 நொடியும் அந்த முதல் அடியைக் கழித்த கணக்குதான். அதை அந்த நிறுவனமே சிறு குறிப்பாகச் சொல்லியிருக்கிறது. போர்ஷே கழிப்பதில்லை.

ஓர் அடிக்கு அப்படி என்ன நேரம் ஆகிவிடும் என்று பலர் கேட்கிறார்கள். நானும் அங்கேயே ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன். 2.7 நொடியில் 100 கிலோமீட்டர் என்றால் சராசரி முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைவிடச் சற்றே அதிகம். அந்த முடுக்கத்தில் 30.48 சென்டிமீட்டரைக் கடக்கக் கால் நொடி ஆகும். அதன் முடிவில் கார் மணிக்கு 9 கிலோமீட்டர் அளவில் உருண்டுகொண்டிருக்கும். அதாவது கடிகாரம் தொடங்கும்போதே கார் ஓடிக்கொண்டிருக்கிறது. இதோடு, 60 மைல் என்பது 96.6 கிலோமீட்டர்தான், மீதியுள்ள 3.4 கிலோமீட்டரை எட்ட இன்னும் பத்தில் ஒரு நொடியளவு தேவை. இரண்டையும் சேர்த்தால் 0.35 நொடி ஆகிறது. முக்கால் நொடி வித்தியாசத்தில் ஏறத்தாழப் பாதி, கார்களுக்குள் இல்லை, அளக்கும் முறைக்குள் இருக்கிறது.

மற்றொரு பங்கு தரையில் இருக்கிறது. 2021இல் மோட்டார் டிரெண்ட் இதழ் பிளெய்டைச் சோதித்தபோது, டயர் நன்றாகப் பிடிப்பதற்காகப் பிசின் பூசிய தடத்தில் 1.98 நொடியும் சாதாரணத் தடத்தில் 2.07 நொடியும் கிடைத்தன. கார் அண்ட் டிரைவர் இதழ் முதல் அடியைக் கழிக்கும் தன் வழக்கமான முறையில் 911 டர்போ எஸ் காரை அளந்தபோது 60 மைலுக்கு 2.2 நொடிதான் ஆனது. ஒரே அளவுகோலில் வைத்தால் இரண்டுக்கும் இடையே மிஞ்சுவது மிகச் சிறிய அளவு. பிளெய்ட் முந்துகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அன்று முதல் சில மீட்டர்களில் அது போர்ஷேயை விட்டு விலகிச் சென்ற விதம் கண்முன்னே நிற்கிறது. எவ்வளவு முந்துகிறது என்பதைத்தான் விளம்பர எண்கள் மிகைப்படுத்துகின்றன.

இரண்டு போட்டிக் கார்களின் உண்மையான பலத்தை அறிய விரும்புவோருக்கு நான் பரிந்துரைப்பது மணிக்கு 100இலிருந்து 200 கிலோமீட்டர் வரையிலான நேரம். அந்த வேகத்தில் டயரின் பிடிப்பும் தொடக்கக் கோட்டுத் தந்திரங்களும் பின்னுக்குப் போய், எஞ்சினின் திறனும் காரின் எடையும் காற்றின் எதிர்ப்புமே பேசும். 911 டர்போ எஸ் 200ஐ 8.9 நொடியில் தொடுகிறது என்று போர்ஷே சொல்வதால், இந்தப் பகுதிக்கு அதற்கு 6.2 நொடி ஆகிறது. எந்தப் போட்டிக் காரையும் இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது பகிர்வு

நண்பர் நேரத்தைப் பற்றி எழுதியதை எடைக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம். ஃபெராரி 488 பிஸ்டாவும் மெக்லாரன் 720எஸ்ஸும் ஒன்றுக்கொன்று நேரடிப் போட்டி; இரண்டிலும் 720 குதிரைத்திறன். பிஸ்டாவின் எடை 1,280 கிலோ என்று படித்த ஒருவர், 720எஸ்ஸின் எடை 1,419 கிலோ என்று வேறோர் இடத்தில் பார்த்துவிட்டு, மெக்லாரன் 139 கிலோ கனமானது என்று என்னிடம் உறுதியாக வாதிட்டார். முதல் எண் உலர் எடை. பெட்ரோல், எஞ்சின் ஆயில், குளிர்விக்கும் நீர் எதுவும் இல்லாமல், விருப்பத் தேர்வாக வாங்கக்கூடிய எடைகுறைந்த பாகங்களையும் பொருத்திச் சொல்லப்படுவது. இரண்டாவது, ஓடத் தயாரான நிலையில் உள்ள எடை. அதே நிலையில் பிஸ்டா 1,385 கிலோ. 720எஸ்ஸின் உலர் எடையோ 1,283 கிலோ. எனவே உலர் எடையில் வித்தியாசம் 3 கிலோ, ஓடும் நிலையில் 34 கிலோ. 139 என்ற எண் எங்குமே இல்லை.

ஒரு பந்தயத் தடத்தில் நான்கு சக்கரங்களுக்கும் கீழே தனித்தனி எடைத்தட்டுகளை வைத்து ஸ்போர்ட்ஸ் கார்களை நிறுத்தியபோது அருகில் இருந்திருக்கிறேன். எடை போடுபவர் முதலில் கேட்டது காரின் பெயரை அல்ல, டாங்கில் பெட்ரோல் எவ்வளவு என்பதைத்தான். பிஸ்டாவின் டாங்க் 78 லிட்டர் கொள்ளும்; லிட்டருக்கு முக்கால் கிலோ என்று வைத்தால் கிட்டத்தட்ட 58 கிலோ, ஏறக்குறைய ஓர் ஆளின் எடை. ஐரோப்பிய ஒன்றிய முறையில் சொல்லப்படும் எடையில் ஓட்டுநருக்காக 75 கிலோ வேறு சேர்ந்திருக்கும். இத்தனை வகை எடைகளில் ஒரு காருக்கு ஒன்றையும் அதன் போட்டிக்கு மற்றொன்றையும் எடுத்துக்கொண்டு, குதிரைத்திறனை அதனால் வகுத்து அட்டவணை போடுபவர்கள் எத்தனையோ பேர். அது வாசகருக்குச் செய்யும் அநீதி.

குதிரைத்திறனிலும் இதே சிக்கல் சிறிய அளவில் உண்டு. ஐரோப்பாவில் 650 என்று குறிக்கப்படும் அதே 911 டர்போ எஸ், அமெரிக்காவில் 640 ஆகிறது; எஞ்சின் மாறவில்லை, அலகுதான் மாறியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிஸ்டா 100ஐ 2.85 நொடியில், 200ஐ 7.6 நொடியில் தொடுவதாக ஃபெராரியும், 720எஸ் முறையே 2.9, 7.8 நொடியில் தொடுவதாக மெக்லாரனும் சொல்கின்றன. எடையைச் சரியாக எடுத்துக்கொண்டு பார்த்தால் இந்த நெருக்கம் வியப்பளிக்காது. 139 கிலோ என்று நம்பியவருக்குத்தான் மெக்லாரன் ஏதோ அற்புதம் செய்வதாகத் தோன்றும்.

மூன்றாவது பகிர்வு

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே பந்தயத் தடத்தின் லாப் நேரங்களை, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் நேரங்களைப் பற்றி யாரும் எழுதாததால் சேர்க்கிறேன். பொதுமக்கள் ஓட்டும் நாளில் நண்பர் ஒருவரின் காரில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து அந்தத் தடத்தைச் சுற்றியிருக்கிறேன். அன்று முழுச் சுற்றை அளக்கவே முடியாது. நீண்ட நேர்ப்பாதையில்தான் உள்ளே நுழைய வேண்டும், அதிலேயே வெளியேற வேண்டும் என்பதால், ஆர்வலர்கள் ஒரு பாலத்திலிருந்து, மறுமுனையில் தடத்தின் குறுக்கே மேலே நிற்கும் சட்டகம் வரை சுமார் 19 கிலோமீட்டரை மட்டுமே கணக்கிடுகிறார்கள். அந்த நேரத்தைத் தயாரிப்பு நிறுவனத்தின் நேரத்தோடு ஒப்பிட்டு மகிழ்பவர்களை அங்கேயே பார்த்தேன்.

நிறுவனங்களுக்குள்ளும் சண்டை நடந்திருக்கிறது. 2008இல் நிசான் ஜிடி-ஆர் 7 நிமிடம் 29 நொடியில் சுற்றியதாக அறிவித்தபோது, போர்ஷே தானே ஒரு ஜிடி-ஆர் வாங்கி ஓட்டிப் பார்த்து 7 நிமிடம் 54 நொடிதான் வந்தது என்றது. நிசான் அதை ஏற்கவில்லை. ஓட்டுநர், டயர், வானிலை என இத்தனை மாறும்போது 25 நொடி இடைவெளிக்கு எது காரணம் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அந்த எண்களை நான் எந்த ஒப்பீட்டிலும் பயன்படுத்துவதில்லை.

தூரத்தை மட்டும் எவரும் சரிபார்த்துவிடலாம். பழைய சாதனைகள் 20.6 கிலோமீட்டரில் அளக்கப்பட்டவை. 2019 முதல் அதிகாரபூர்வ அளவு 20.832 கிலோமீட்டர். 2021இல் மான்டே என்ற நிறுவனத்தின் கூடுதல் பாகங்கள் பொருத்திய போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ் முழுச் சுற்றை 6 நிமிடம் 43.300 நொடியில் முடித்தது. 2018இல் லம்போர்கினி அவென்டடோர் எஸ்விஜே எடுத்தது 6 நிமிடம் 44.97 நொடி. போர்ஷே ஒன்றேமுக்கால் நொடிகூட முந்தவில்லை என்று இன்றும் எழுதுகிறார்கள். லம்போர்கினியின் நேரம் பழைய, குறுகிய தூரத்துக்கானது. அதே தூரத்தில் அந்த போர்ஷேயின் நேரம் 6 நிமிடம் 38.835 நொடி, எனவே சரியான வித்தியாசம் 6 நொடிக்கும் மேல்.