கிளிநொச்சி கிணற்று ஆய்வு: மாதிரி அளவு பற்றி உதவி தேவை

வணக்கம். கிளிநொச்சி மாவட்டக் குடிநீர்க் கிணறுகள் பற்றிய வீட்டு ஆய்வுக்கு மாதிரித் திட்டம் போடுகிறோம். அனுபவமுள்ளவர்கள் ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ.

95% நம்பிக்கை மட்டம், ±5% வழு, எதிர்பார்க்கும் விகிதம் 0.5 என்றால் எளிய எழுமாற்று மாதிரிக்கு (எல்லா வீட்டுக்கும் சம வாய்ப்புக் கொடுத்துக் குலுக்கல் முறையில் எடுப்பது) 385 வீடுகள் போதும். ஆனால் நாங்கள் கிராம அலுவலர் பிரிவுகளைக் கொத்தணிகளாக எடுக்கிறோம்: முதலில் சில பிரிவுகள், பிறகு அவற்றுக்குள் வீடுகள். ஒரு பிரிவுக்குள் நிலத்தடி நீர் பெரிதாக மாறாது. பக்கத்து வீட்டைக் கேட்டுப் புதிதாக அறிவது கொஞ்சம்தான். உட்கொத்தணி இணைபு (ஒரே பிரிவு வீடுகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவு) 0.05, பிரிவுக்கு 20 வீடு என்றால் வடிவமைப்பு விளைவு (385ஐ எத்தனை மடங்காக்க வேணும் என்பது) 1 + 19 × 0.05 = 1.95, தேவை 751 வீடுகள், 38 பிரிவுகள். பிரிவுக்கு 10 வீடு என்றால் விளைவு 1.45, 559 வீடுகள் போதும், ஆனால் 56 பிரிவுகளுக்குப் போகவேணும். பூநகரிப் பக்கம் அது பெரிய அலைச்சல்.

அந்த 0.05 ஊகம்தான். உவர்நீர் விடயத்தில் அது மிகக் குறைவென்றே படுகிறது: 0.2 ஆனால், 20 வீட்டுக்கு விளைவு 4.8 ஆகிவிடும். வன்னியில் நீர் ஆய்வு செய்தவர்களிடம் அளந்த பெறுமானம் இருக்கிறதா?

வாக்காளர் இடாப்பைச் சட்டகமாக, அதாவது வீடுகளைத் தெரிவுசெய்யும் மூலப் பட்டியலாக, எடுக்கவில்லை. பெயர் இங்கே, ஆள் வெளிநாட்டில். மீளக் குடியேறிய சிலரின் பதிவு இன்னும் வேறு மாவட்டத்தில். மாதிரியை எவ்வளவு பெருப்பித்தாலும் இந்த வழு குறையாது. ஆகவே தெரிவான பிரிவுகளில் வீடுகளை நேரே பட்டியலிடுவோம். பிரிவுகளைத் தெரிவுசெய்யப் பழைய குடும்ப எண்ணிக்கையே கைவசம் உண்டு. பட்டியலிட்ட பின் நிறைகளை (கணிப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்கும் பெருக்கு எண்களை) புதிய எண்ணிக்கையால் திருத்தினால் போதுமா, குடும்ப எண்ணிக்கை பெரிதாக மாறிய பிரிவுகளில் மாதிரி வீட்டு எண்ணிக்கையையும் கூட்ட வேணுமா?