ஒரே புரோகிராம் ரெஸ்ட், என்ரை லப்ரொப்பிலை பாஸ், வேறை கொம்பியூட்டரிலை ஃபெயில்: உங்கட அனுபவம் என்ன?

முறிகண்டியான்:
மூண்டு நாள் திண்ட பிழை. ஊர்ப்பேரிலை பைல் எழுதி, போல்டரைத் திருப்பி வாசிச்சு, பேர் ஒண்டுதானோ எண்டு பாக்கிற ரெஸ்ட். வவுனியா பாஸ், மாங்குளம் பாஸ், கிளிநொச்சி மட்டும் சிவப்பு. அதுவும் கூட வேலை செய்யிற பொடியன்ரை பழைய மக்கிலை மட்டும். திரையிலை ரெண்டும் அச்சொட்டா ஒண்டு. கடைசியா அந்தப் பேரிலை இருக்கிற யூனிகோட் குறியளை, அதான் கொம்பியூட்டர் எழுத்துகளைச் சேமிக்கிற இலக்கங்களை, எண்ணினன்: எங்கட பக்கம் 10, அங்கை 11. பழைய மக் பைலளைச் சேமிக்கிற முறையான அந்த எச்எஃப்எஸ் பிளஸ், 'நொ'விலை இருக்கிற ஒரே குறியை ஒற்றைக்கொம்பு, கால் எண்டு ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்கு!

குளக்கட்டு:
இதுக்கு மூண்டு நாளோ? மக்கிலை பிழை சொல்லாதேங்கோ, யூனிகோட்டிலை ரெண்டு விதமும் சரி. ஒப்பிட முதல் ரெண்டையும் என்எஃப்சிக்கு, அதான் பிரிச்ச குறியளைச் சேர்த்து வைக்கிற வடிவத்துக்கு, மாத்தியிருக்கவேணும். எனக்கு நடந்தது சின்னன்: பைல் பேரிலை பெரிய 'ஆர்', கோடிலை சின்ன 'ஆர்'. விண்டோஸ் கண்டுகொள்ளேல்லை, லினக்ஸ் 'அப்பிடி ஒரு பைல் இல்லை' எண்டுட்டுது. இனிக் கேளுங்கோ. கோடை வச்சிருக்கிற கிட்டின்ரை அமைப்புப் பைலான கிட்அட்ரிபியூட்ஸிலை, வரி முடியிற இடத்துக் குறியை எல்லாருக்கும் எல்எஃப் (லினக்ஸ் போடுற குறி) எண்டு போடுங்கோ. பைல் இருக்கிற பாதையைக் கையாலை சாய்கோடு போட்டு ஒட்டாதேங்கோ, விண்டோஸின்ரை சாய்கோடு வேறை, லினக்ஸின்ரை வேறை. திறந்த பைலை மூடாமல் அழிக்கப் போனால் லினக்ஸ் விடும், விண்டோஸ் விடாது. போல்டர் தாற வரிசையை நம்பாமல் நீங்களே அடுக்குங்கோ.

பழையநேரம்:
அண்ணை, நாங்கள் கேட்டது கதை, வகுப்பில்லை.
என்ரை சாதகப் புரோகிராம், மைக்ரோசொஃப்ற்றின்ரை டொட்நெட்டிலை எழுதினது. ரெஸ்ட்டுக்கு என்ரை தம்பியின்ரை பிறப்பு: 2003, புதுக்குடியிருப்பு, காலை 6:10. விண்டோஸிலை பாஸ். லினக்ஸ் சேர்வரிலை லக்கினமே மாறிப்போச்சு. விண்டோஸ் இலங்கையின்ரை இப்பத்தைய நேரத்தை, அதான் கிரீனிச்சுக்கு 5:30 மணித்தியாலம் முன்னுக்கு எண்டதை, அப்பிடியே பழைய வருசங்களுக்கும் போட்டிருக்கு. லினக்ஸ் வரலாறு தெரிஞ்சது, 1996 ஒக்டோபரிலையிருந்து 2006 ஏப்ரல் வரை கொழும்பு 6:00 எண்டு கணக்குப் பாத்திருக்கு. அப்ப லினக்ஸ்தான் சரி எண்டு ரெஸ்ட்டை மாத்தப் போனன். பின்னாலை நிண்ட அம்மா, "அவன் பழைய நேரத்துக்கெல்லோ பிறந்தவன்" எண்டா.
கை நிண்டுட்டுது. வன்னியிலையிருந்து ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வவுனியாப் பக்கம் போகேக்கை மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது மறந்துபோச்சே! புதுக்குடியிருப்பு இருக்கிற வன்னி அப்ப புலியளின்ரை கட்டுப்பாட்டிலை, அங்கை பழைய 5:30தான் இருந்தது. ஒண்டும் தெரியாத விண்டோஸ் தற்செயலாச் சரி.

முறிகண்டியான்:
பிறகு என்ன செய்தனீங்கள்? வன்னிக்கெண்டு தனி நேர வலயம் எதிலையும் இல்லையே.

பழையநேரம்:
ஊரை வச்சுத் தீர்மானிக்கவும் ஏலாது, ஆஸ்பத்திரித் துண்டிலை ஒரு நேரம், வீட்டுக் கொப்பியிலை வேறை நேரம். படிவத்திலை ஒரு கேள்வி கூட்டினன்: "பழைய நேரமோ, புது நேரமோ?" வயசான ஆக்கள் ஒருத்தரும் விளக்கம் கேக்கேல்லை.