பிவிசி ஒட்டும் எந்திரத்தின் அருகே இணைப்பில்லாத டியூப்லைட் எரிகிறது: இது ஆபத்தா?

கேள்வி: ஏழாம் எந்திரம்

வணக்கம். பிவிசி தாள் ஒட்டும் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மழைக்கோட்டு, கோப்பு உறை, காற்றடைக்கும் மெத்தை என்று பொருள் மாறிக்கொண்டே இருக்கும், எந்திரம் மட்டும் மாறாது. மேலே பித்தளை அச்சு, கீழே மேசைத் தகடு, நடுவே இரண்டு தாள். மிதியை அழுத்தினால் அச்சு இறங்கி நான்கு விநாடி உறுமும். தாள் ஒட்டிக்கொள்ளும். நெற்றியில் 27.12 மெகாஹெர்ட்ஸ், 5 கிலோவாட் என்று ஒரு தகடு அறைந்திருக்கிறது. அதைப் பதினோரு ஆண்டுகளில் போன வாரம்தான் முதன்முதலாகப் படித்தேன்.

படிக்க வைத்தவர் எங்கள் எலக்ட்ரீஷியன். கழற்றிய டியூப்லைட் ஒன்றைத் தோளில் சாய்த்தபடி என் பின்னால் நடந்து போனார். நான் மிதியை அழுத்தினேன். அவர் தோளில் இருந்த விளக்கு எரிந்தது. வயரும் இல்லை, சோக்கும் இல்லை. மிதியை விட்டேன், அணைந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி எரிந்தது. இருவரும் சிரித்தோம். அவர் போன பிறகுதான், அந்த விளக்கைவிட நான் எந்திரத்துக்கு நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

சில தொல்லைகளை இதுவரை பொருட்படுத்தாமல் இருந்தேன். ஷிப்ட் முடியும் நேரத்தில் மணிக்கட்டு கதகதவென்று இருக்கும். உறுமும்போது மேசையின் இரும்பு விளிம்பில் கை பட்டால் ஊசி குத்தியதுபோலச் சுடும். இரவில் விரல் மரத்துப்போகும்.

இன்னொரு வேடிக்கை. எங்கள் உணவறைச் சுவருக்கு அந்தப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் அறை. அதை இடம் மாற்றச் சொல்லி நாற்பது பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்திருக்கிறோம், நானும்தான். ஒருவர் காந்தப்புல மீட்டர் கொண்டுவந்தார். சுவரில் ஒட்டிப் பிடித்தால் 4 மைக்ரோடெஸ்லா, ஒரு மீட்டர் தள்ளினால் 0.6. அதே மீட்டரை என் எந்திரத்தருகே கொண்டுவந்தோம். எண்கள் தாறுமாறாக ஓடின. ஒருமுறை பூச்சியம்கூடக் காட்டியது. சூப்பர்வைசர் நல்ல மனிதர். எக்ஸ்ரே அறையில் அணியும் ஈயக் கவசம் ஒன்று வாங்கித் தருவதாகவும், சட்டையில் குத்தும் கதிர்வீச்சு அட்டைக்கு ஏற்பாடு செய்வதாகவும் சொல்லியிருக்கிறார்.

டிரான்ஸ்ஃபார்மருக்குப் பயப்படுவதா, எந்திரத்துக்கா? ஈயக் கவசம் உதவுமா?

---

பதில் 1: விழிப்புணர்வு

சகோதரி, கதிர்வீச்சில் சிறியது பெரியது என்று கிடையாது. மின்காந்த அலைகளைப் புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்தாகிவிட்டது. உடனே வேலையை விடுங்கள். வைஃபை ரவுட்டரையும் இரவில் அணைத்து வையுங்கள்.

---

பதில் 2: பழைய ஸ்பானர்

மேலே எழுதியவர் மன்னிக்க வேண்டும், ரவுட்டரை அணைத்தால் இவர் கை மரத்துப்போவது நிற்காது.

இருபது ஆண்டுகள் இந்த வகை எந்திரங்களைப் பழுதுபார்த்தவன் நான். அம்மா, நீங்கள் பயப்பட வேண்டியது எந்திரத்துக்குத்தான். அதிலும் அதன் முன்புறம் ஒரு முழத் தூரத்துக்குள் இருக்கும் பகுதிக்கு.

முதலில் ஈயக் கவசம். ஈயம் எக்ஸ்ரேக்கு. எக்ஸ்ரே அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறியும் வலிமை உடையது. அதற்குச் சுமார் 10 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். உங்கள் 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துணுக்கில் இருப்பது அதில் எட்டுக் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது. எனவே அது டிஎன்ஏவை உடைப்பதில்லை. சட்டையில் குத்தும் அட்டையும் எக்ஸ்ரே, காமா வகைக்கானது. வருடம் முழுவதும் குத்தியிருந்தாலும் இந்த எந்திரத்தைப் பற்றி ஒரு புள்ளி பதியாது. அட்டை சுத்தமாக வந்தது, ஆகவே ஆபத்தில்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள். எனக்குக் கவலை அதுதான்.

அணுவை உடைக்காது என்றால் என்னதான் செய்யும்? சூடாக்கும். பிவிசி ஏன் ஒட்டுகிறது? அச்சுக்கும் தகட்டுக்கும் இடையே மின்புலம் விநாடிக்கு இரண்டு கோடியே எழுபது லட்சம் முறை திசை மாறி மீள்கிறது. பிவிசி மூலக்கூறுகள் அதன் பின்னால் திரும்பித் திரும்பிச் சூடேறுகின்றன. பாலிதீன் இந்த எந்திரத்தில் ஒட்டாது, கவனித்திருப்பீர்கள். அதன் மூலக்கூறுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. உங்கள் உடலோ பெரும்பாலும் உப்புநீர். அதில் மின்னோட்டமே பாயும். கையில் புகுந்து, உடல் வழியாகப் பாதத்தில் இறங்கித் தரைக்குப் போகும். மணிக்கட்டும் கணுக்காலும் ஒடுங்கிய இடங்கள். அங்கே எலும்பு அதிகம், ஓட்டம் பாயும் சதை குறைவு. அகன்ற ஆறு பாலத்தடியில் வேகமெடுப்பதுபோல ஓட்டம் அங்கே நெருக்கிப் பாய்கிறது, சூடும் அங்கேதான் ஏறும். உங்கள் மணிக்கட்டின் கதகதப்பு கற்பனை இல்லை.

இரும்பு விளிம்பில் சுடுவது 'ஷாக்' இல்லை. இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் நரம்பு துடிக்காது, தொடும் புள்ளி வெந்துபோகும். மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும். ஆற நாளாகும்.

இனி என் கேள்விகள். அச்சைச் சுற்றி ஒரு உலோகக் கவசப்பெட்டி இருந்ததா, யாராவது கழற்றிவிட்டார்களா? உட்காருவது இரும்பு ஸ்டூலிலா? எர்த் எப்படிப் போகிறது?

---

ஏழாம் எந்திரம்:

ஐயா, நேரில் பார்த்ததுபோல எழுதுகிறீர்கள். கவசப்பெட்டி இருந்தது. மெத்தைத் தாள் அகலம் கூடியபோது இடிக்கிறது என்று கழற்றினார்கள், ஆறு ஆண்டு ஆகிறது. இப்போது அது ஸ்டோரில் கவிழ்ந்து கிடக்கிறது, உள்ளே துடைப்பம் வைத்திருக்கிறார்கள். ஸ்டூல் இரும்புதான். எர்த் பச்சை வயர், தூணைச் சுற்றிப் போகிறது, மூன்று மீட்டர் இருக்கும். எலக்ட்ரீஷியன் அளந்து, அரை ஓம்கூட இல்லை, அருமை என்றார்.

---

பதில் 3: பழைய ஸ்பானர்

எலக்ட்ரீஷியன் சொன்னது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் சரி. அந்தப் பச்சை வயரைக் கழற்றாதீர்கள், அது வேறு ஆபத்திலிருந்து காக்கிறது. ஆனால் 27 மெகாஹெர்ட்ஸில் ஒரு மீட்டர் வயரே ஏறத்தாழ 170 ஓம் தடை கொடுக்கும். மூன்று மீட்டருக்கு 500 ஓம். அதாவது உங்கள் மேசைச் சட்டம் உயர் அதிர்வெண்ணுக்கு எர்த் ஆகவே இல்லை. விளிம்பு சுடுவது அதனால்தான். அகலமான செம்புப் பட்டையை எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாகப் போட்டுக் கவசத்தையும் மேசையையும் எந்திரத்தின் உடலோடு இறுக்க வேண்டும். பெயின்ட் சுரண்டிய இடத்தில் இறுக்க வேண்டும். பெயின்ட் மேல் போல்ட் முறுக்கிவிட்டு முடித்துவிட்டதாகச் சொன்னவர்கள் எத்தனை பேர்!

துடைப்பத்துக்கு வேறு இடம் பாருங்கள். பெட்டி இடிக்கிறது என்றால் தாள் நுழைய ஒடுங்கிய வாய் வெட்டிக்கொள்ளலாம். முழுவதுமாகக் கழற்றக் கூடாது.

ஸ்டூலை மரமாக மாற்றுங்கள். காலடியில் கனமான காய்ந்த மரப் பலகை போடுங்கள். தரைக்கும் பாதத்துக்கும் இடைவெளி கூடினால் கால் வழி ஓட்டம் குறையும். தாளைக் கையால் பிடிக்காமல் சட்டத்தில் பொருத்துங்கள். உறுமும் நான்கு விநாடியும் கை மடியில் இருக்கட்டும், உடல் பின்னால் சாயட்டும். புலம் பாதியானால் சூடு பாதியாவதில்லை, கால் பங்காகும். ஒரு சாண் பின்வாங்குவதை அற்பமாக நினைக்காதீர்கள்.

---

பதில் 4: மூன்று அச்சு

தொழிலிடங்களில் இந்தப் புலங்களை அளப்பது என் வேலை. ஸ்பானர் ஐயா சொன்னதில் திருத்த ஒன்றும் இல்லை. எண்கள் மட்டும் சேர்க்கிறேன்.

டிரான்ஸ்ஃபார்மர் மனுவைத் திரும்பப் பெறலாம் என்பது என் கருத்து. ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. என்னும், அணுவை உடைக்காத வகைக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்குப் பொதுமக்களுக்கான உச்ச அளவு 200 மைக்ரோடெஸ்லா, பணியாளர்களுக்கு 1000. உங்கள் சுவரில் 4. அதே அறையில் பூமியின் காந்தப்புலமே 25க்கும் 65க்கும் இடையில் இருக்கும். அது மாறாத புலம், வகை வேறு என்றாலும் அளவு பிடிபடும். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் சாப்பாட்டு மேசையை ஒரு மீட்டர் தள்ளிப் போடுங்கள். உங்கள் அளவீட்டின்படியே 4 என்பது 0.6 ஆகிவிடும், செலவும் இல்லை.

விழிப்புணர்வு அவர்கள் சொன்ன பட்டியல் உண்மையானது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை குறைந்த அதிர்வெண் காந்தப்புலத்தை 2002இலும், ரேடியோ அலைகளை 2011இலும் 2பி வகையில் வைத்தது. சான்று குறைவு, ஆயினும் தள்ளிவிட முடியவில்லை என்பதே அந்த வகையின் பொருள். எவ்வளவு ஆபத்து என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை.

அந்த மீட்டர் ஏன் பிதற்றியது? அது 50 ஹெர்ட்ஸுக்கானது. 27 மெகாஹெர்ட்ஸ் அதன் காதில் விழாது. வலுவான புலம் அதன் சுற்றுக்குள் புகுந்து எண்களைக் கலக்கியிருக்கிறது. அது காட்டிய பூச்சியத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. உங்கள் எந்திரத்தின் அலைநீளம் 11 மீட்டர், நீங்கள் உட்காருவது அரை மீட்டரில். இவ்வளவு நெருக்கத்தில் மின்புலம், காந்தப்புலம் இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். கூடவே கணுக்காலில் வளையம் மாட்டி ஓட்டத்தையும் அளக்க வேண்டும். பணியாளருக்குக் கை, கால் ஓட்டத்தின் உச்ச அளவு 100 மில்லிஆம்பியர், 6 நிமிடச் சராசரியில். அளக்க வருபவரிடம் கணுக்கால் ஓட்டமும் அளப்பீர்களா என்று கேளுங்கள். விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

சராசரி என்பதால் வேலையின் வேகமும் கணக்கில் வரும். 20 விநாடிக்கு ஒரு துண்டு, அதில் 4 விநாடி உறுமல் என்றால் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் புலம் இருக்கிறது. அவசர ஆர்டருக்காக 8 விநாடிக்கு ஒரு துண்டு என்று ஓட்டினால் பாதி நேரம். எந்திரம் மாறாமலே உங்கள் உடல் வாங்கும் சூடு இரண்டரை மடங்காகும்.

அதே ஆணையத்தின் 2020 வழிகாட்டுதலின்படி பணியாளரின் முழு உடல் வாங்கும் சூட்டுக்கு எல்லை, எடையில் ஒரு கிலோவுக்கு 0.4 வாட். தீங்கு தொடங்கக்கூடிய அளவாக 4 வாட்டை எடுத்துக்கொண்டு அதில் பத்தில் ஒன்றாக வைத்தது. பொதுமக்களுக்கு 0.08. கருவுற்றிருக்கும் பணியாளருக்கு அந்தச் சிறிய எல்லையையே பின்பற்றச் சொல்கிறது, வயிற்றில் இருப்பவர் பணியாளர் அல்லர் என்பதால். உங்கள் பிரிவில் யாராவது இருந்தால் இன்றே வேறு மேசைக்கு மாற்றுங்கள்.

டியூப்லைட் எரிந்தால் புலம் வலுவானது என்று தெரியும். எரியாவிட்டால் பாதுகாப்பு என்று பொருளில்லை.

விரல் மரத்துப்போவதை மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த எந்திரங்களில் வேலை செய்பவர்களின் கை மரப்பு பற்றி 1980களிலேயே சுவீடனில் ஆய்வு வந்திருக்கிறது. ஆனால் நாள் முழுவதும் ஒரே அசைவு செய்யும் கையில் மணிக்கட்டு நரம்பு நசுங்குவதும் உண்டு. எது என்று இங்கிருந்து யாரும் சொல்ல முடியாது.

---

பதில் 5: பேஸ்மேக்கர்க்காரன்

ஒரு வார்த்தை. இந்த எல்லைகள் எல்லாம் உடலுக்கு, உடலுக்குள் வைத்த கருவிக்கு அல்ல. நான் ஸ்பாட் வெல்டிங் பிரிவில் இருந்தேன். பேஸ்மேக்கர் வைத்த பிறகு, அளவீடு எல்லைக்குள்தான் என்று சொல்லி அதே இடத்தில் உட்காரச் சொன்னார்கள். என் மருத்துவரும் கருவி நிறுவனமும் எழுத்தில் கொடுக்கும்வரை போகவில்லை. இப்போது கிடங்கில் கணக்குப் பார்க்கிறேன், சலிப்பாக இருக்கிறது, உயிரோடு இருக்கிறேன்.

---

ஏழாம் எந்திரம்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். சூப்பர்வைசரிடம் இந்தப் பதில்களைப் படித்துக் காட்டினேன். நம்பவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, டியூப்லைட்டைச் சூப்பர்வைசர் கையில் கொடுத்து என் ஸ்டூலில் உட்கார வைத்தோம். நான் மிதியை அழுத்தினேன். அவர் எழுந்துவிட்டார். ஈயக் கவசப் பேச்சு அத்தோடு போயிற்று.

கவசப்பெட்டி வந்துவிட்டது, ஒடுங்கிய வாயோடு. செம்புப் பட்டை போட்டாகிவிட்டது. பெயின்டை நானே சுரண்டினேன். விளிம்பு இப்போது சுடுவதில்லை. என் தோள் இருக்கும் இடத்தில் விளக்கு எரிவதில்லை, பெட்டியின் வாயருகே மங்கலாக எரிகிறது. அதற்கு என்ன பொருள் என்று மூன்று அச்சு ஐயா எச்சரித்ததை மறக்கவில்லை. அளப்பவர் அடுத்த புதன்கிழமை வருகிறார். கணுக்கால் வளையம் கொண்டுவருவீர்களா என்று தொலைபேசியில் கேட்டேன். அம்மா, நீங்கள் இன்ஜினியரா என்றார்.

மருத்துவர் மணிக்கட்டுக்கு நரம்புப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார். மனுவில் என் கையெழுத்தை அடித்துவிட்டேன், மற்ற முப்பத்தொன்பது பேரும் என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டார்கள். பெட்டியின் வாய்க்குள் தாளை நுழைக்க ஒரு துண்டுக்கு மூன்று விநாடி கூடுதலாகிறது. நாள் இலக்கைக் குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். மரப் பலகை, மர ஸ்டூல் இரண்டுக்கும் அனுமதி வந்துவிட்டது. இலக்குத்தாளில்தான் இன்னும் கையெழுத்து ஆகவில்லை.