சி.ஆர்.பி. குறைந்தது, அப்பாவுக்கு நோய் குறையவில்லை

ஈசூன் மகள்:
அப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி நலியும் நோய். சிங்கப்பூரின் சுகாதாரச் செயலியான ஹெல்த்ஹப்பில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் நான் முதலில் தேடுவது சி.ஆர்.பி.யைத்தான். உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் எண் அது. போன வருஷம் 31 இருந்தது மூன்று வாரத்தில் 14 ஆனது. அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தார்.

ஆனால் கடைக் கணக்கு நோட்டில் அப்பாவின் எழுத்து கோணிக்கொண்டு போனது. நாற்பது வருஷமாக நூல் பிடித்த மாதிரி எழுதிய கை. காலுறையைக் கழற்றினால் தடம் குழியாகவே நின்றது. மூன்றாம் நாள் வயிற்று வலி, பகலெல்லாம் தூக்கம். அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். வயிற்றில் தேங்கியிருந்த நீரை எடுத்துப் பார்த்தார்கள். அதில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 250ஐத் தாண்டினாலே தொற்று என்று எடுத்துக்கொள்வார்களாம். அப்பாவுக்கு அதைவிடப் பல மடங்கு.

“சி.ஆர்.பி.யைச் சுரப்பதே கல்லீரல்தான்மா. அது ரொம்ப நலிந்துபோனால், தொற்று இருந்தாலும் எண் பெரிதாக ஏறாது” என்றார் டாக்டர். அன்றைக்கு, கல்லீரல் செய்யும் புரதமான அல்புமின் 24. குறைந்தது 35ஆவது இருக்க வேண்டும். மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபினும் ஏறியிருந்தது. அதே தாளில்தான் இரண்டும் இருந்தன, நான் பார்க்கவில்லை. இன்னும் மனசு ஆறவில்லை.

தோ பாயோ வாசி:
தங்கச்சி, உங்கள்மேல் தப்பில்லை. எனக்கு வெள்ளணுவில் இதே கதை. சிரோசிஸில் மண்ணீரல் வீங்கி அணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் எனக்கு எப்போதும் 3,000 சொச்சம்தான். ஒரு தடவை 7,500 வந்தது. மற்றவர்களுக்கு அது சாதாரண அளவு, தாளில் சிவப்புக் குறிகூட இல்லை. பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்த தாதிதான் “உங்களுக்கு இது இரட்டிப்பாச்சே” என்று டாக்டரைக் கூப்பிட்டார். நியூட்ரோஃபில் எண்ணிக்கையை லிம்ஃபோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளணுவின் எண்ணிக்கையால் வகுத்தும் பார்த்தார்கள். அந்த விகிதம் ஏற ஏற நோய் முற்றுகிறது என்று சந்தேகப்பட வேண்டுமாம். அப்பா இப்போது எப்படி?

ஈசூன் மகள்:
நன்றி அண்ணே. ஆன்டிபயாடிக்கும் அல்புமினும் ஊசியில் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டார். கடைக்குப் போவதில்லை. கல்லீரல் நலிந்தால் மூளையும் குழம்பி எழுத்து கோணுமாம். அதனால் தினமும் காலையில் ஒரு தாளில் தன் பெயரையும் தேதியையும் எழுதச் சொல்கிறேன். நேற்றைய தாளோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன்.