விடுமுறைக்கு 20 பேர்: பாட்டி களைத்துப்போகாமல் இருக்க என்ன வழி?

கேள்வி: பிள்ளைகள், பேரன் பேத்திகள் என்று 20 பேர் ஒரு வாரம் தங்குகிறார்கள். எல்லா வேலையும் பாட்டி தலையில் விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில் 1: வேளைக்கு ஒருவர் என்று அடுப்படியைப் பிரித்துவிடுங்கள். "உதவட்டுமா?" என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்றுதான் சொல்வார். மீந்ததை அண்டாவோடு ஃபிரிட்ஜில் தள்ளினால் நடுப்பகுதி ஆறவே நேரமாகும், கெட்டுவிடும். ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்து, 2 மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள்.

பதில் 2: கூட்டத்தில் முதலில் மறப்பது பாட்டியின் மாத்திரைதான். நாளுக்கு ஓர் அறை உள்ள 7 நாள் மாத்திரை டப்பாவில் போட்டு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். விட்டுப்போனதற்காக அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்கக் கூடாது.

பதில் 3: படுக்கை விரிக்கும்போது அவர் இரவில் கழிவறைக்குப் போகும் வழியை விட்டுவிடுங்கள். சார்ஜர் ஒயர்கூடக் குறுக்கே வேண்டாம். தடுக்கி விழுவது அதில்தான். மதியம் ஒரு மணி நேரம் அவர் அறைக்கதவு சாத்தியிருக்கட்டும். கடைக்குட்டிக்கும் அனுமதியில்லை!