மின்னூலா, அச்சு நூலா: கல்லூரி நூலகத்தில் செலவை எப்படி ஒப்பிடுவது?

கேள்வி (அரசு உதவி பெறும் கல்லூரி நூலகர்)

அனைவருக்கும் வணக்கம். நூல் நிதியில் பாதியை மின்னூல்களுக்கு மாற்றினால் செலவு குறையும் என்று எங்கள் நூலகக் குழுவில் சிலர் கருதுகிறார்கள். விலைப்புள்ளிகளைப் பார்த்தால் ஒரே நூலின் மின்னூல் உரிமம் அச்சுப் படியைவிடப் பல மடங்கு விலையில் இருக்கிறது. விற்பனையாளர்களோ அடுக்கு, பைண்டிங், ஆள் செலவு எதுவும் இல்லை என்கிறார்கள். எந்த அடிப்படையில் கணக்கிட்டுக் குழுவின் முன் வைப்பது?

மறுமொழி 1 (மத்தியப் பல்கலைக்கழக நூலகர், ஓய்வு)

அம்மா, அச்சு நூலின் செலவில் ஒரு பகுதிதான் நூல் நிதியில் தெரியும். மீதி சம்பளக் கணக்கிலும் கட்டடக் கணக்கிலும் கலந்துவிடுகிறது. நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் பகுப்பாக்கம், நூலின் முதுகில் ஒட்டும் எண் சீட்டு, பார்கோடு ஆகியவற்றோடு வேலை முடிவதில்லை. 2017ஆம் ஆண்டின் மத்திய அரசுப் பொது நிதி விதிகளின்படி, 20,000 நூல்கள் வரை உள்ள நூலகம் ஆண்டுதோறும் முழு இருப்பைச் சரிபார்க்க வேண்டும்; அந்த நாட்களில் இரண்டு பணியாளர்கள் பதிவேட்டோடு அடுக்கடுக்காக நின்றுகொண்டிருப்பார்கள்.

அமெரிக்காவில் கூரண்ட், நீல்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2010இல் வெளியிட்ட கணக்கில், வாசகர்களே எடுத்துக்கொள்ளும் திறந்த அடுக்கில் ஒரு நூலை வைத்திருக்க ஆண்டுக்கு 4.26 டாலரும், நெருக்கி அடுக்கும் கிடங்கில் 0.86 டாலரும் ஆகின்றன. அந்தத் தொகைகள் நமக்குப் பொருந்தா. எனினும் செலவில் பெரும்பங்கு இடத்துக்கே போகிறது என்பது இங்கும் உண்மை. உங்கள் அடுக்குகளில் இன்னும் இடமிருந்தால் அந்தச் செலவு இப்போது ஏறாது, இடம் நிரம்பும் ஆண்டில் மொத்தமாக வந்து நிற்கும்.

மறுமொழி 2 (பொறியியல் கல்லூரி நூலகர்)

மின்னூலில் முதலில் கேட்க வேண்டியது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறக்கலாம் என்பதை. ஒருவர், மூவர், வரம்பற்றோர் என உரிமத்துக்கு ஏற்ப விலை ஏறும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஒரே பாடநூலை வகுப்பே தேடும்போது ஒருவர் உரிமம் எதற்கும் உதவாது. அந்தத் தொகைக்கு இந்தியப் பதிப்பில் பல படிகள் வாங்கிவிடலாம். வரியும் உண்டு: அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை, அச்சு வடிவமுள்ள மின்னூலுக்கு 5 சதவீதம்.

நிரந்தர உரிமம் வாங்கினால் கவலையில்லை என்றும் இருந்துவிட முடியாது. நூலகங்களுக்கு மின்னூல் விற்கும் கிளாரிவேட் நிறுவனம், ஒரே தடவை பணம் பெற்று நிரந்தரமாக விற்பதை நிறுத்தப் போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. நூலகர்கள் கடுமையாக எதிர்த்த பிறகு 2026 ஜூன் வரை அவகாசம் நீட்டிக்கப்பட்டது. சந்தா மட்டுமே மிஞ்சினால், கட்டாத ஆண்டில் கையில் ஒன்றும் இருக்காது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியானால் பாடநூல்களை அச்சிலும், அகராதி போன்ற பார்வை நூல்களையும் தொகுப்பு நூல்களையும் மின் வடிவிலும் வாங்குவது சரியாக இருக்குமா?

மறுமொழி 3 (கலைக் கல்லூரி நூலகர்)

ஏறக்குறைய சரிதான், அம்மா. தமிழ்ப் பாடநூல்களையும் அச்சுப் பட்டியலில் சேருங்கள். விற்பனையாளர்களின் மின்னூல் தொகுப்புகளில் அவை அரிதாகவே கிடைக்கின்றன. பணம் கட்டுமுன், பல்கலைக்கழக மானியக் குழுவின் நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்ளிப்நெட் கல்லூரிகளுக்கு நடத்தும் என்-லிஸ்ட் என்ற மின் நூலகத் திட்டத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அதிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னூல்கள் உள்ளன. மற்றவற்றுக்கு, வாங்குமுன் பயன்படுத்திப் பார்க்கும் சோதனை அணுகல் பெற்று, பயன்பாட்டு அறிக்கையில் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதோடு உரிம வரம்பு நிரம்பியதால் எத்தனை பேர் திறக்க முடியாமல் திரும்பினார்கள் என்பதையும் கேட்டு வாங்குங்கள். சில விற்பனையாளர்கள் இந்த இரண்டாவது எண்ணைத் தாமாகத் தருவதில்லை.