லாகின் ஸ்கிரீன் மூலைல இருக்கற குட்டி ஐகான் யாருக்காச்சும் கண்ணுக்குத் தெரியுதா?

கோத்தகிரி_குளிர்: ஆபீஸ்ல நாலு பேருக்குப் பொதுவா ஒரே விண்டோஸ் சிஸ்டம், அதுல இங்கிலீஷ் கீபோர்டும், தமிழ் அடிக்கற இன்ஸ்கிரிப்ட் கீபோர்டும் இருக்கு. யாராச்சும் தமிழ்ல விட்டுட்டு டீக்குப் போயிட்டா அடுத்து வர்றவங்களுக்குப் பாஸ்வேர்டு ஏறவே ஏறாது. தமிழ்ல அடிச்சாலும் இங்கிலீஷ்ல அடிச்சாலும் விழறது அதே கருப்புப் புள்ளி, என்ன மொழினு சொல்றது கீழ வலது மூலைல மூணே எழுத்து. கேப்ஸ் லாக்குக்கு மட்டும் கட்டத்துக்குக் கீழயே எழுதிக் காட்டுறான்ல, மொழியையும் அங்கயே காட்டுனா என்ன

குன்னூர்_அட்மின்: எல்லாத்தையும் அங்க கொண்டு வந்து கொட்டுனா ஒருத்தனும் படிக்க மாட்டான் பாஸ். கட்டத்துக்குள்ள கண்ணு பட்டன் இருக்கு, அமுக்கிப் பாருங்க, தமிழா இங்கிலீஷானு தெரிஞ்சுரும். மாத்தணும்னா விண்டோஸ் கீயோட ஸ்பேஸ். இதுக்கு ஒரு திரெட்டா

கோத்தகிரி_குளிர்: கவுன்ட்டர்ல பத்து பேர் நிக்கறப்ப கண்ணு பட்டன அமுக்கி பாஸ்வேர்ட ஊருக்கே காட்டணுமா? நல்ல செக்யூரிட்டிங்க

ஊட்டி_பொண்ணு: அதே மூலைல இருக்கற நெட் ஐகானையும் சேத்துக்கோங்க. ஐப்பசி மழைல லைன் போச்சு, புதுசா சேந்த பொண்ணு லாகின் பண்ணா சர்வர் இல்லனு வருது, பழைய ஆளுங்க மட்டும் ஜம்முனு உள்ள போறாங்க, பாவம் அவ தன் பாஸ்வேர்டு தான் தப்புனு அழாத குறை

குன்னூர்_அட்மின்: அது ஐகான் பிரச்சனையே இல்ல. டொமைன் சிஸ்டம்ல, அதாவது பாஸ்வேர்ட ஆபீஸ் சர்வர்ல கேட்டு சரிபாக்கற சிஸ்டத்துல, ஏற்கனவே உள்ள வந்தவங்க விவரத்த விண்டோஸ் சேத்து வச்சுக்கும், சும்மா விட்டா 10 பேர் வரைக்கும். புது ஆளுக்கு சர்வர் கிடைச்சே ஆகணும், ஐகான பூசணிக்கா சைஸ்ல போட்டாலும் லைன் வராது

ஊட்டி_பொண்ணு: லைன் வராது சார், ஆனா தப்பு தன்னோடது இல்லனாச்சும் அவளுக்குத் தெரியும்ல. எங்க சிஸ்டத்துல யாரோ தொட்டபெட்டா பனிமூட்டம் போட்டோவ வச்சிருக்காங்க, வெள்ளை மேல வெள்ளை ஐகான், எங்க தேடறது? ஐகானுக்கும் பின்னணிக்கும் 3:1 கான்ட்ராஸ்டாவது, அதான் வெளிச்ச வித்தியாசம், இருக்கணும்னு வெப்சைட்டுக்கு 2018லயே விதி போட்டாச்சு, டபிள்யூசிஏஜி 2.1னு, பார்வை கம்மியானவங்க உட்பட எல்லாரும் வெப்சைட்ட பயன்படுத்தறதுக்கான வழிகாட்டி. லாகின் ஸ்கிரீன் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு

குன்னூர்_அட்மின்: போட்டோவ மாத்துங்கம்மா. சரி, மொழி விஷயம் வேணா ஒத்துக்கறேன், அதுவும் ரெண்டு கீபோர்டு இருக்கற சிஸ்டத்துல மட்டும். நெட்டுக்கு முடியாது, லைன் போனப்பலாம் பெருசா காட்டுனா நாள் பூரா எனக்குத் தான் போன் வரும்

கோத்தகிரி_குளிர்: இப்ப மட்டும் வரலையாக்கும்